அந்தரத்தில் முறுக்கிய நட்டு

சென்னியப்பனுடைய இளநீலக் கார் தரைக்கு இறங்க மாட்டேன் என்று இடுப்புயரத்தில் நின்ற பன்னிரண்டு நாளும் எங்கள் மூன்றாவது வீதியில் ஒருத்தர் வேலையும் நிற்கவில்லை. பால்காரர் வெயில் படாமல் கேனை அதற்கடியில் வைத்துவிட்டு வீடு வீடாகப் போனார், சிலிண்டர் வண்டிக்காரர் வழக்கம்போல் “ஓரமா நிறுத்துனா என்னங்க” என்று சத்தம் போட்டார், லீலாவதி டீச்சர் பூனையும் நாயும் எட்டாத இடம் இதைவிட நல்லதாகக் கிடைக்காது என்று காரின் கூரைமேல் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து காயவைத்தார். பக்கத்து வீதிகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுப் பார்த்து, கடைசியில் கோயம்புத்தூர்க்காரன் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்கள்: “மைலேஜ் எவ்வளவுங்க குடுக்குது?”

சென்னியப்பன் பம்ப்செட் கம்பெனியில் முப்பத்துமூன்று வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க், பெயர் தங்கவேலு, ஆனால் வீதியில் என்னை ஸ்டோர்ஸ்காரர் என்றால்தான் தெரியும். சென்னியப்பனுக்குச் சாமி, சகுனம் எதிலும் பெரிய பிடிப்பு கிடையாது. ஒரே ஒரு நட்டைக்கூட லூசாக விட்டுவிட்டு வேலையிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவன் மதம். மதியச் சாப்பாட்டு மணி அடித்தாலும், கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும், கையிலிருக்கிற நட்டைக் கடைசிவரை முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்குவான். தாலி கட்டும்போதுகூட முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான் என்று அவன் பெண்டாட்டி மரகதம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அவன் காரில் கைவைத்தது மகளுக்காக. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த சுகந்திக்கு ஏழாம் மாசம். முந்தின வருஷம் ஒன்று நாலாம் மாசத்திலேயே கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா, வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குப் போவதானால் வண்டி குலுங்காமல் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருமகன் பெரிய வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றார். சுகந்தி கேட்கவில்லை. “எங்கப்பா வண்டியிலதான் வருவேன். அதுல உக்காந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று போனில் சொல்லிவிட்டு அழுதாள். பயந்துபோன பிள்ளை பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா, அவள் அந்தக் காரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கார் இருந்த இருப்போ கண்ணராவி. ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் நல்ல வண்டி ஒருதரம் எழும்பி அப்படியே நிற்கும். இது காவடி எடுத்த ஆள் மாதிரி நாலுதரம் ஆடியது. பின்பக்கம் இடது மூலையை அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே கிடந்தது. சென்னியப்பன் காந்திபுரம் போய் நாலு புது ஷாக் அப்சார்பர் வாங்கி வந்தான், ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்ன என்னைப் பார்த்து, “என்ர வண்டில இன்னொருத்தன் ஸ்பேனர் வெக்கறதா?” என்று கேட்டான், ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்தான்.

நானும் பஷீரும் கூட நின்றோம். பஷீர் அதே கம்பெனியில் வார்ப்படம் ஊற்றியவன், எனக்கு எதிர்வீடு. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டிக் கழற்றி, ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் க்ளாம்பு போட்டு அமுக்கி, அது விட்டடித்தால் பல் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பழைய ஷாக்காக வெளியே எடுத்தோம். எடுத்ததை வாசலில் வரிசையாக வைத்தோம். பின் இடதுபக்கத்து ஷாக்கின் தண்டைப் பஷீர் கையால் உள்ளே தள்ளினான். உள்ளே போனது திரும்பி வரவே இல்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அந்த மூலையில் பதினாலு வருஷம் உட்கார்ந்து வந்தது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

புது ஷாக் நாலையும் மாட்டி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அத்தனை நட்டையும் சென்னியப்பன் அவன் வழக்கப்படி கடைசிவரை முறுக்கி வெள்ளைக் கோடு போட்டான். பிறகு ஜாக்கியால் லேசாகத் தூக்கி ஸ்டாண்டுகளை உருவினோம். ஜாக்கியை இறக்கினோம். ஜாக்கி இறங்கியது, கார் இறங்கவில்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு இன்னும் ஓரடி மேலே போய், இடுப்புயரத்தில் வந்ததும் இது போதும் என்று நின்றுவிட்டது.

மரகதம் டீயோடு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, இன்னும் எறக்கலீங்களா?”

“எறங்க மாட்டீங்குது.”

“டீ ஆறுது. குடிச்சுப்போட்டுப் பாருங்க.”

குடித்துவிட்டுப் பார்த்தோம். அப்படியேதான் நின்றது.

ஒரு வாரத்துக்குள் அந்தக் கார் வீதியில் இன்னொரு வேப்பமரம் மாதிரி ஆகிவிட்டது. மதியத்தில் பூக்காரம்மா அதன் நிழலில் உட்கார்ந்து தொடுத்தார். மாநகராட்சியிலிருந்து வந்த ஒரு தம்பி, வண்டி சாலையை ஆக்கிரமித்திருப்பதாக நோட்டீஸ் எழுத ஆரம்பித்து, எந்தச் சக்கரமும் சாலையைத் தொடவில்லையே என்று யோசித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு வடகத்தை வாயில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளையார் கோயில் ஐயர் வந்து பார்த்தார், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், ஆனால் நசுக்க ஆள் வேண்டுமே என்று சொல்லிவிட்டுத் திருநீறு மட்டும் பூசினார். பிள்ளைகள் பந்தாடும்போது பந்து அந்தப் பக்கம் போனால் கீழே புகுந்து எடுத்து வந்தார்கள். எல்லோருக்கும் அது பழகிவிட்டது, சென்னியப்பன் ஒருவனுக்குத்தான் பழகவில்லை. அவன் வாசல்படியில் உட்கார்ந்து காலண்டரில் வளைகாப்பு வைத்திருந்த அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்ப்பதும் காரைப் பார்ப்பதுமாக இருந்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்தது பஷீர்தான். புதன்கிழமை சாயங்காலம் கீழே படுத்துக்கொண்டு வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“சென்னி, ரப்பர் புஷ் இருக்கற எடமெல்லாம் வண்டியத் தரையில எறக்கி, வெயிட்டு ஏத்திப்போட்டுத்தான் கடேசி முறுக்கு முறுக்கோணும். நீ எல்லாத்தையும் அந்தரத்துல வெச்சு முறுக்கிப்போட்டே. வண்டி என்ன நெனைக்கும்? இதுதான் என்ர தரைன்னு நெனைச்சிருச்சு.”

“லூசா விட்டுட்டு எறக்கச் சொல்றியா?”

“ஆமா.”

சென்னியப்பன் வாழ்நாளில் செய்யாத காரியம் அது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தினான்; அவன் முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்று நினைப்பீர்கள். பிறகு வீதியே சேர்ந்து வெயிட்டு ஏற்றியது. அரிசி மூட்டை வைத்தோம், சிமெண்ட் மூட்டை வைத்தோம், பஷீர் தெரிந்த வார்ப்படப் பட்டறை ஒன்றிலிருந்து ஆட்டோ பிடித்து வார்ப்பிரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினான். கார் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அதன் எடையை அது யாரிடமிருந்து எதிர்பார்த்தது என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது தற்செயலாகத்தான். மூட்டைகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தை எடுக்கிறேன் என்று சென்னியப்பன் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். முன் வலதுபக்கம் மெதுவாக, வணக்கம் சொல்வது மாதிரி, இறங்கியது. பஷீர் ஓடிப்போய் அவன் எப்போதும் உட்காரும் முன் இடதுபக்கம் ஏறினான், அதுவும் இறங்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் பின் வலதுபக்கம், பதினாலு வருஷம் ஸ்டோர்ஸ் சாவிக்கொத்தோடு உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தேன். என் மூலையும் இறங்கியது. இப்போது மூன்று மூலை கீழேயும் பின் இடது மூலை மட்டும் மேலேயுமாக, கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி, கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது, உள்ளே நாங்கள் மூன்று பேரும் சரிந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த இடத்தில் வீதியில் உட்காராத ஆள் இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சி உட்கார்ந்தார், கல்யாண சமையல்காரர் ஒருவர், நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது, உட்கார்ந்தார், லீலாவதி டீச்சர் வடகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். எறும்பு ஏறியது போலக்கூட அந்த மூலை அசையவில்லை. அது மருதாசலத்தின் இடம், அதற்கு மருதாசலம் வேண்டும்.

மருதாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தக் காலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு இருபதுக்குச் சென்னியப்பன் ஹாரன் அடிப்பான், நாலு டிபன் பாக்ஸும் பின்னால் ஏறும், கொள்ளுப் பருப்பும் புளிசோறும், வெள்ளிக்கிழமையானால் பஷீர் வீட்டு நெய்ச்சோறும் மணந்து காரே ஒரு சமையற்கட்டாகிவிடும், மில் சங்கு ஊதும், பனியில் கண்ணாடி மங்கும், பஷீர் அவன் துண்டால் துடைப்பான். மருதாசலம் கம்பெனியில் பெயிண்டர். அந்தக் காருக்கு இளநீலம் அடித்ததும் அவன்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒரு டீக்கு. நூற்றிப்பத்து கிலோ. கதவைத் திறந்து அவன் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கம் சாய்ந்து, நான் அவன்மேல் சாய்ந்து, நாலு பேரும் சிரித்த பிறகுதான் வண்டி கிளம்பும். பள்ளிக்கூடம் போகிற சுகந்தி அவன் மடியில்தான் உட்கார்ந்து வருவாள். எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அவளுக்குக் குலுங்கினதே தெரியாது. அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதற்குப் பிறகு வந்த எதுவும் அவ்வளவு நன்றாக இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மில் கேட்டுக்கு எதிரே உயரமாக ஒரு வேகத்தடை இருந்தது. நாலு பேரோடு ஏறினால் கார் அடிவயிறு தட்டும். அதனால் மருதாசலம் அங்கே தானாக இறங்கி, நடந்து தாண்டி, மறுபடியும் ஏறிக்கொள்வான். “மகாராசா எறங்கறாரு, வழி விடுங்க” என்று சென்னியப்பன் தினமும் சொல்வான், அவனும் தினமும் சிரிப்பான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் இறங்கியதும் சென்னியப்பன் வேகத்தடையைத் தாண்டி, நிறுத்தாமல், போய்க்கொண்டே இருந்தான். விளையாட்டுக்குத்தான். பஸ் ஸ்டாப்பில் நின்ற மில் பெண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வளைவில் நிறுத்தலாம் என்று நினைத்தோம், கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, “பஸ்ஸுல வந்துருவான்” என்றான் சென்னியப்பன். அன்றைக்கு மருதாசலம் வேலைக்கு வரவில்லை. மறுநாள் அவன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தோம், கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஹாரன் அடிக்கவில்லை. அவன் ஷிப்டு மாற்றிக்கொண்டான்.

இரண்டு வீதி தள்ளித்தான் வீடு. ஒன்பது வருஷம் தூரத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை வியாதி வந்து ஆள் கரைய ஆரம்பித்தான். சட்டை வருஷத்துக்கு வருஷம் அவனுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் பஷீரும் போனோம். மருதாசலம் வாசலில் நாற்காலி போட்டு மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று பிரித்துக்கொண்டிருந்தான்.

“உன்ர வெயிட்டு வேணுமாம்ப்பா, வண்டிக்கு” என்றான் பஷீர்.

“இருந்தப்போ கசந்துச்சு, இப்போ வேணுமாக்கும்?” அவன் தலையை நிமிர்த்தவில்லை. “அறுபத்தியொரு கிலோ இருக்கேன். அதுக்கு ஒரு சிமெண்ட் மூட்டைய வெச்சுக்கச் சொல்லுங்க.”

“சிமெண்ட் மூட்டை வெச்சுப் பாத்தாச்சு, மருதா” என்றேன்.

“அப்போ அவன வந்து கூப்புடச் சொல்லு.”

சென்னியப்பனிடம் சொன்னோம். “வெளையாட்டுக்குப் பண்ணுனதுக்கெல்லாம் நான் போயி அவன் வாசல்ல நிக்கோணுமா?” என்றான். நட்டை மட்டும் இல்லை, அவன் தன்னையும் அப்படித்தான் முறுக்கி வைத்திருந்தான். அன்றைக்கே சுகந்திக்குப் போன் போட்டு, பெரிய வண்டி அனுப்புகிறேன் கண்ணு என்றான். “அப்போ நான் வரலீங்ப்பா. இங்கியே இருந்துக்கறேன்” என்றாள் அவள். அவள் போனை வைத்த பிறகும் இவன் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை மரகதம் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், வளைகாப்புப் பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, யாரிடமும் சொல்லாமல் அந்த இரண்டு வீதியையும் நடந்து போனாள். பிற்பாடு மருதாசலமே எனக்குச் சொன்னான், அவள் வாசலிலேயே நின்றாளாம்.

“ஏனுங்கண்ணா, பத்திரிகை வெக்கறதுன்னா ரெண்டு பேருந்தான் சேந்து வரோணும். அவரு வர மாட்டீங்கறாரு. நான் மட்டும் வந்தா மதிப்பில்லீன்னா சொல்லிப்போடுங்க, திருப்பி எடுத்துட்டுப் போறேன்.”

அவன் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். “பத்திரிகை வெச்சப்பறம் வராம இருக்க முடியுமா, அம்மிணி? உனக்காவும் புள்ளைக்காவும் வர்றேன். அவங்கிட்டப் பேச மாட்டேன்.”

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தான். வீதி முழுக்க வாசலில் நின்றது. சென்னியப்பன் சக்கரங்கள் இறங்கும் இடங்களில் முக்காலடி உயரத்துக்குக் கனமான மரக்கட்டைகளைப் போட்டு, நடுவில் காவலுக்கு ஸ்டாண்டுகளையும் வைத்திருந்தான். கார் இறங்கினாலும் கீழே ஒரு ஆள் படுத்து நட்டை முறுக்க இடம் வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. வண்டி இறங்க நாலு பேரும் உள்ளே இருக்க வேண்டும், சென்னியப்பனும்தான். அப்படியானால் யார் முறுக்குவது?

“குடுங்க” என்று மரகதம் கையை நீட்டினாள்.

முப்பது வருஷத்தில் அவன் ஸ்பேனரை இன்னொருவர் கையில் கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். மருதாசலம் ஸ்டூலில் கால் வைத்தான். முன்னெல்லாம் ஸ்டூல் உடைந்திருக்கும். இப்போது அது முனகக்கூட இல்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தான், உட்கார்ந்ததும் கார் அந்த மூலையில் இறங்க ஆரம்பித்தது, அறுபத்தியொரு கிலோவுக்கு இறங்குகிற மாதிரி இல்லை, பழைய நூற்றிப்பத்து கிலோவுக்கு எப்படி இறங்குமோ அப்படி, நன்றாகச் சாய்ந்து, என்னை அவன் தோள்மேல் தள்ளிக்கொண்டு இறங்கியது. அவன் மெலிந்துபோனது வண்டிக்குத் தெரியாது. என் தோளில் பட்டது வெறும் எலும்பு.

மரகதம் குனிந்து, மிச்சமிருந்த வளைகாப்புப் பத்திரிகை ஒன்றை ஒவ்வொரு டயருக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். புருஷன் இடைவெளி பார்க்கிற விதத்தை முப்பது வருஷம் பார்த்தவள். மூன்று சக்கரத்தில் பத்திரிகை நுழையவில்லை. பின் இடது சக்கரத்தில் இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வந்தது.

“இன்னும் ஒரு பத்திரிகை கனம் இருக்குதுங்க.”

“லேசா ஆடிப் பாக்கறோம்” என்றான் சென்னியப்பன். ஆடினோம். பத்திரிகை அப்போதும் நுழைந்தது.

மரகதம் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள். “ஆடறதுக்கெல்லாம் எறங்காதுங்க. நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க.”

வீதியே கேட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துச் சொன்னான்:

“நான் வெளையாட்டுக்குத்தான் பண்ணுனேன்.”

மரகதம் பத்திரிகையை விட்டாள். “போகுதுங்க.”

“எல்லாருந்தானே சிரிச்சோம்?”

“இன்னும் போகுது.”

“சரி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதப்பா.”

“நல்லாவே போகுதுங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், லீலாவதி டீச்சர் அதட்டினார். உள்ளே சூடாக இருந்தது, ஆனால் பாதி இறக்கியிருந்த கண்ணாடியை முழுக்க இறக்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அப்போது மருதாசலம் பேசினான், யாரையும் பார்க்காமல், தன் முழங்காலைப் பார்த்து.

“நீங்க ஓட்டீட்டுப் போனதுக்கு நான் கோவிச்சுக்கல. சிரிச்சதுக்கும் இல்ல. திருப்பீட்டு வருவீங்கன்னு அங்கியே நின்னேன். எட்டு மணிச் சங்கு ஊதுச்சு. ஒம்பது மணி வரைக்கும் நின்னேன், அந்தப் பொம்பளைகெல்லாம் பாக்கப் பாக்க. பஸ்ஸு ரெண்டு வந்துச்சு, ஏறல. நான் ஏறிப் போயிட்டா, நீங்க வந்து தேடுவீங்களேன்னு.”

பஷீர் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். எனக்கு அந்தக் காரிலிருந்து இறங்கி எங்காவது ஓடிவிடலாம் என்று இருந்தது, ஆனால் என் வெயிட்டு வேண்டுமே, உட்கார்ந்திருந்தேன்.

சென்னியப்பனுடைய பின்கழுத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது சிவந்து போயிருந்தது. கடைசியில் அவன் பேசியபோது அது நாங்கள் கேட்டறியாத குரலாக இருந்தது.

“உன்னக் கண்ணாடியில பாத்தன்டா. வளைவுல. நீ நின்னுட்டிருந்தே, டிபன் பாக்ஸ நெஞ்சோட வெச்சுட்டு. பாத்துட்டுத்தான் போனேன். இவுங்ககிட்டச் சொல்லல. பாத்துட்டுத்தான்டா போனேன். தப்பு மருதா. பெரிய தப்பு.”

மரகதம் பத்திரிகையை விட்டாள். நுழையவில்லை. இன்னொருதரம் விட்டாள், முனை மடங்கியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கோணிச் சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்தாள்.

மறுநாள் சுகந்தி அந்தக் காரில் வந்து சேர்ந்தாள், இரண்டு மாசம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அதற்கு இப்போது பல் முளைத்திருக்கிறது; அதையெல்லாம் வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார் எப்படிப் போகிறது என்றும் சொல்வார்கள், மைலேஜ் உள்பட. வெளியில் நின்றவர்களுக்குத் தெரியாதது, மரகதம் நாலு மூலை நட்டையும் முறுக்கி முடிக்கும்வரை அந்த அரைமணி நேரம் உள்ளே என்ன நடந்தது என்பதுதான், அதை உள்ளே இருந்தவன் நான் சொல்ல வேண்டும்.

கீழே ஸ்பேனர் கிரீச் கிரீச் என்றது. பிறகு மருதாசலம் மெதுவாக முன்னால் சாய்ந்து, கையை ஓங்கி, சென்னியப்பனின் நடுமண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தான். ஒன்பது வருஷக் குட்டு, எனக்கே வலித்தது. சென்னியப்பன் திரும்பவில்லை, தலையைத் தடவவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

“இன்னொண்ணு வைடா” என்றான்.

மருதாசலம் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே இறங்கி, விரல் விரிந்து, அவன் தலைமேல் அமர்ந்தது. அங்கேயே இருந்தது.

“யாரும் அசையாதீங்க, கடேசி முறுக்கு” என்று கீழேயிருந்து மரகதம் சொன்னாள். நாங்கள் அசையவில்லை.